மலை ஊருக்குள் இறங்கி வந்த இரண்டு நாள்

2022 டிசம்பர் 8, வியாழக்கிழமை. விடிந்தும் விடியாத நேரம். கட்டிலை விட்டு இறங்கிச் சீமெந்துத் தரையில் கால் வைத்தேன். உள்ளங்காலில் சுரீரென்று பிடித்தது முதுகுவரை ஏறிப் போயிற்று. காலைத் தூக்கி மறுபடி வைத்துப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, குளிர்! மாத்தளை டவுனில், மின்விசிறி இல்லாமல் கண் மூடியறியாத எங்கள் வீட்டுக்குள், குளிர்!

அம்மா போர்வைக்கு மேல் தன் பழைய நூல் சேலை ஒன்றை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டு படுத்திருந்தார். மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது. "ஏன்டா, இது நம்ம மாத்தளதானா?" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை.

வெளியூர்க்காரருக்கு இது விளங்காது. மாத்தளை என்றால் மலைநாடு, மலைநாடு என்றால் குளிர் என்று எல்லாரும் நினைத்துக்கொள்கிறார்கள். எங்கள் டவுன் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 360 மீற்றர் உயரம்தான். நுவரெலியா 1,868 மீற்றர். ஆயிரம் மீற்றர் ஏறினால் சராசரியாக ஆறரைப் பாகை வெப்பம் குறையும் என்பது வளிமண்டலத்தின் கணக்கு. ஆகவே அவர்களுக்கும் எங்களுக்கும் இடையே ஒன்பது, பத்துப் பாகை வித்தியாசம் எப்போதும் உண்டு. அங்கே தை மாதத்தில் புல்லின்மேல் உறைபனி வெள்ளையாகப் படரும், பத்திரிகையில் படம் வரும். நாங்கள் இங்கே வேர்வையைத் துடைத்துக்கொண்டு அந்தப் படத்தைப் பார்ப்போம். மாவட்டத்தின் வடக்கே தம்புள்ளைக்கும் சீகிரியாவுக்கும் போனால் அது வேறு உலகம், வெயில் கல்லைச் சுடும். சுற்றிவர மலையை வைத்துக்கொண்டு, குளிரை மட்டும் எட்டியிருந்தே பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

அந்தக் குளிர்தான் அன்றைக்கு நடந்து வந்து எங்கள் வாசலில் நின்றது.

கதவைத் திறந்தேன். முன்னால் மலை இல்லை! கிழக்கே தினமும் விழிக்கும்போது தெரியும் நக்கிள்ஸ் தொடரை யாரோ சுருட்டி எடுத்துப் போனதுபோல இருந்தது. வானத்துக்கும் நிலத்துக்கும் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு திரை. முத்துமாரியம்மன் கோயில் பக்கம் நடந்தேன். 108 அடி இராஜகோபுரத்தின் மேல்நிலைகள் மங்கிக் கரைந்து, கீழ்நிலைச் சிற்பங்கள் மட்டும் ஈரமாகத் தெரிந்தன. திருக்கார்த்திகைக்கு விளக்கேற்றி இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. வாசற்படிகளில் அகல்விளக்குக் கரி அப்படியே இருந்தது. காற்று அடித்த அடியில் கோயில் வாசலில் பூக்கட்டும் அக்கா பூக்கூடையை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலையில் துவாய், அதற்கு மேல் இன்னொரு துவாய்.

துவாய்! அன்றைக்கு ஊரெல்லாம் துவாய்தான். எங்கள் ஊரில் யாரிடம் ஸ்வெட்டர் இருக்கிறது? பஸ் நடத்துனர் குளிக்கிற துவாயைக் கழுத்தில் சுற்றியிருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று அப்பாவின் முழுக்கைச் சட்டையைச் சீருடைக்கு மேல் மாட்டிக்கொண்டு, கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு போயிற்று. ஒரு முதியவர் நுவரெலியாவில் வேலைபார்த்த காலத்து ஓவர்கோட்டைத் தேடி எடுத்துப் போட்டிருந்தார். அதன் பூச்சியுருண்டை மணம் தெருவோடு வந்தது. அவர் நடந்த நடையில் ஒரு கம்பீரம்!

முக்குத் தேத்தண்ணிக் கடையில் நிற்க இடமில்லை.

"என்ன நானா, இப்புடிக் குளிருது?"

"தம்பி, விடியச் சாமத்திலேருந்து ஊத்திட்டிருக்கன், கை ஓயல்ல. பேன் சுவிச்சுல இன்டைக்குக் கையே வெக்கல்ல பாருங்க" என்றார் நானா. கேட்காமலேயே இஞ்சி தட்டிப் போட்ட பிளேன்டீயை நீட்டினார். கண்ணாடிக் கிளாஸை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தேன். குடிக்கவே மனம் வரவில்லை. அந்தச் சூடு விரல் விரலாக ஏறுவதை அனுபவித்துக்கொண்டே நின்றேன். பக்கத்தில் சிங்கள அண்ணன் ஒருவர், முச்சக்கரவண்டி ஓட்டுபவர், அதேபோல் கிளாஸைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கண் திறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். "சீத்தலய் நேத?" குளிர்தானே என்று கேட்டார். வருடக்கணக்காக ஒரே முக்கில் நிற்கிறோம், அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பேசினோம்.

ஏன் வந்தது இந்தக் குளிர்? வங்காள விரிகுடாவில் எங்களுக்கு வடகிழக்கே மாண்டஸ் சூறாவளி சுழன்றுகொண்டிருந்தது. பூமியின் வடபாதியில் சூறாவளிகள் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழலும். அப்படிச் சுழலும்போது அதன் மேற்குப் பக்கத்தில் காற்று வடக்கிலிருந்து தெற்கே இறங்கும். மார்கழி நெருங்கும் வேளையில் இந்தியப் பெருநிலத்தின் குளிர்ந்த காற்றை அப்படியே வாரி எடுத்து இலங்கைமேல் கொட்டியது மாண்டஸ். மேகம் வெயிலை மறைத்துவிட்டதால் பகலிலும் சூடு ஏறவில்லை. 9ஆந் திகதி நாடு முழுக்க அரச பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டார்கள். அன்று நள்ளிரவை ஒட்டி மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் அந்தச் சூறாவளி கரை கடந்தது. அங்கே சுற்றிய சக்கரம் இங்கே எங்கள் அடுக்களைவரை காற்று வீசியதை நினைத்தால் எனக்கு இப்போதும் மெய்சிலிர்க்கிறது.

ஒன்றைச் சொல்லாமல் இந்தக் குளிரை நான் புகழ மாட்டேன். அதே நாட்களில் வடக்கிலும் கிழக்கிலும் வெட்டவெளியில் மழையிலும் காற்றிலும் விறைத்து நின்ற மாடுகள், எருமைகள், ஆடுகள் ஆயிரத்துக்கும் மேலே செத்துப்போயின. ஒரே இரவில் பட்டி முழுதையும் பறிகொடுத்த குடும்பங்கள் இருந்தன. மலையை மறைத்த அந்தச் சாம்பல் திரையும் வெறும் பனியல்ல. காற்றோடு வந்த மாசும் அதில் கலந்திருந்தது. முகக்கவசம் போடும்படி எச்சரித்தார்கள், இருமல்காரர் அவதிப்பட்டார்கள். செய்தியில் அந்த மாடுகளைப் பார்த்த அம்மா தட்டைத் தள்ளி வைத்துவிட்டார். அன்றிரவு வீட்டில் யாரும் அதிகம் பேசவில்லை.

ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமையை என்னவென்று சொல்வேன்! அந்த வருடம் நாட்டில் எரிவாயு இல்லாமல் திண்டாடிய வருடம். மாதக்கணக்காகப் பலரும் விறகடுப்புக்குத் திரும்பியிருந்தோம், நாங்களும் கொல்லைப்புறத்தில் மூன்று கல்லைக் கூட்டியிருந்தோம். புகையைத் திட்டிக்கொண்டே ஊதிய அந்த அடுப்பு அன்றைக்கு வீட்டின் மூலஸ்தானமாகிவிட்டது. பள்ளிக்கூடம் இல்லாத பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேரும் அதைச் சுற்றிக் குந்தியிருந்தார்கள். அம்மா தேங்காய் ரொட்டி தட்டித் தட்டிப் போட, கட்டச் சம்பலோடு கல்லிலிருந்து நேரே கைக்குப் போயிற்று. ஆறவிட யாருக்கும் பொறுமையில்லை. சுடச்சுடப் பிய்த்து, ஊதி, வாயில் போட்டு, ஆவி விட்டு, ஆகா!

பிறகு அம்மா அஞ்சறைப் பெட்டியைத் திறந்தார். அங்கேதான் எனக்குக் கண் திறந்தது. மிளகு, ஏலம், கராம்பு, கறுவா, சாதிக்காய் எல்லாமே எங்கள் மாவட்டத்து மண்ணில் விளைபவை. கண்டி வீதியோரம் வாசனைத் தோட்டங்களைப் பார்க்க வெளிநாட்டுக்காரர் பஸ் பஸ்ஸாக வருகிறார்கள். நாங்களோ அவற்றைப் பெயருக்குக் கறியில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். வெக்கையில் மிளகு வெறும் காரம். குளிரில் அது என்ன ஆகிறது தெரியுமா? இரண்டு மிளகைத் தட்டிப்போட்ட ரசம் தொண்டையில் இறங்கும்போது நெஞ்சுக்குள் விளக்கேற்றி வைத்ததுபோல் இருந்தது. கறுவாப்பட்டை கொதித்த தண்ணீரின் மணம் அறை முழுக்க ஒரு போர்வையாக விரிந்தது. கராம்பு ஒன்றைக் கடைவாயில் வைத்தால் காதுமடல்வரை சூடு. சுக்கும் மல்லியும் இடித்துப் போட்ட கோப்பியை, கித்துள் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தோம். பிறந்ததிலிருந்து இந்த மணங்களுக்குள்ளேயே வாழ்ந்தவன் நான். அவற்றின் முழு ருசியை அந்த ஒரு நாள் குளிர்தான் எனக்குக் காட்டித் தந்தது.

சாயங்காலம் அம்மா டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து அதை எடுத்தார். அப்பாயியின் கம்பளி. கறுப்பு, முரடு, ஓரத்தில் பூச்சி அரித்த இரண்டு ஓட்டை. ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறித்த காலத்தில் அப்பாயி தலையிலிருந்து முதுகுவரை போட்டுக்கொண்டது. இடுப்பில் படங்கு, தலையில் கம்பளி, முதுகில் கூடை: விடியக்காலை பனியில், வேலைக்குப் பெயர் கொடுக்கும் பிரட்டுக்குப் போகும் அவருடைய உருவம் அப்படித்தான் என் நினைவில் இருக்கிறது.

கம்பளி எங்களுக்குச் சின்னப் பொருள் அல்ல. கோப்பிக் காலத்தில் இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிச் சீமைகளிலிருந்து வந்த எங்கள் சனங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை தாண்டி நடந்தே மாத்தளைக்கு வந்தார்கள். வழியில் விழுந்தவர் தொகைக்கு அளவில்லை. பிழைத்து வந்து சேர்ந்தவர்களுக்குக் குளிர் என்றால் என்னவென்றே தெரியாது, வேப்பமர நிழலே அவர்களுக்குக் குளிர்ச்சி. மலை ஏறிய முதல் இரவில் அவர்கள் கையில் கிடைத்தது ஒரு கம்பளி. அதன் விலையையும் கணக்கில் பற்று எழுதிக்கொண்டார்கள். 2023இல், மலையகத் தமிழர் வந்த இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை நடந்தார்களே, ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்ட் 12இல் முடிந்த அந்த நடை, அதே பழைய பாதையின் நினைவில்தான். அந்தக் கம்பளியை அம்மா என் தோளில் போட்டார். முரட்டு நூல் கழுத்தில் குத்தியது. குத்தட்டும் என்று இரவு முழுக்க அதைப் போர்த்திக்கொண்டே கிடந்தேன்.

இரண்டே நாள்தான் அப்படி இருந்தது. பிறகு வெயில் வந்தது, மலையும் தன் இடத்துக்கு வந்து நின்றது, மின்விசிறிகள் சுற்றின. எனக்கோ குளிர்மேல் தீராத காதல் பிடித்துவிட்டது. அது வராவிட்டால் நாம் போவோம் என்று, தைப்பொங்கல் கழிந்த சனிக்கிழமை அம்மாவைக் கூட்டிக்கொண்டு நக்கிள்ஸ் தொடரில் இருக்கும் ரிவஸ்டனுக்குக் கிளம்பினேன்.

எங்கள் டவுனிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீற்றர். இத்தனை பக்கத்தில் இதை வைத்துக்கொண்டு நுவரெலியாவுக்குப் பொறாமைப்பட்டிருக்கிறோமே! ரத்தோட்டை தாண்டியதும் பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒவ்வொரு வளைவிலும் காற்று ஒரு படி குளிர்கிறது. முதலில் முச்சக்கரவண்டியின் பக்கத்துத் திரையை இறக்கினோம். பிறகு அம்மா சேலைத் தலைப்பைக் காதுவரை இழுத்தார். மேலே போகப்போக மரங்கள் குள்ளமாகி, முறுகி, கிளையெல்லாம் பாசியும் தொங்குபூண்டும் பிடித்து நின்றன. ஓயாத காற்றுக்கு வளைந்து கொடுத்தே வளர்ந்த காடு அது. மேகம் அந்தக் காட்டுக்குள் நேரே நுழைகிறது, இலையில் பட்டுத் துளியாகிச் சொட்டுகிறது. மழை இல்லை, ஆனால் காடு நனைந்துகொண்டே இருக்கிறது!

இந்தத் தொடர் வெள்ளைக்காரர் கண்ணுக்கு மடக்கிய கை முட்டிபோல் தெரிந்ததால் நக்கிள்ஸ் என்று பேர் வைத்தார்கள். சிங்களவர் இதைத் தும்பறை மலைத்தொடர் என்பார்கள். ஆக உயர்ந்த முடி கொம்பானிய, 1,906 மீற்றர். 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக இதை யுனெஸ்கோ உலக மரபுரிமை ஆக்கியது. மூக்கு நுனியில் இலைபோன்ற கொம்பு முளைத்த ஒரு ஓணான் இங்கே உண்டு. உலகத்தில் இந்த மலையை விட்டால் அதற்கு வேறு வீடு இல்லை. எங்கள் மாவட்டத்தில்! தம்புள்ளையில் வெயில் சுடும் அதே மாவட்டத்தில்!

ரிவஸ்டன் கணவாயில் இறங்கினோம். அதைக் காற்று என்று சொல்வது பத்தாது, அது ஒரு கை. நெஞ்சில் வைத்துத் தள்ளியது. மூச்சை உள்ளே இழுத்தால் பல் கூசியது. மேகம் கண் முன்னால் கிழிந்து பாதையைக் கடந்து ஓடியது. ஒரு நொடி கீழே பள்ளத்தாக்குகள், பச்சை வயல்கள், பளீரென்று வெயில். அடுத்த நொடி ஒன்றுமேயில்லை, பக்கத்தில் நின்ற அம்மாகூட மங்கலாகத் தெரிந்தார். நான் கத்தினேன், என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. இன்னும் சிலரும் கத்திக்கொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் விசித்திரமாகப் பார்க்கவில்லை.

அம்மா பையைத் திறந்தார். அப்பாயியின் கம்பளியைக் கொண்டு வந்திருந்தார், எனக்குச் சொல்லவேயில்லை. உதறினார். காற்று அதைப் பிடுங்கப் பார்த்தது. இறுக்கிப் பிடித்துத் தலையோடு போர்த்தி, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, மேகம் வருகிற திசையைப் பார்த்து நின்றார். ஓரத்து ஓட்டைகள் வழியே காற்று விசிலடித்தது.

"போவமா அம்மா? குளிருதே" என்றேன்.

"இருடா, இன்னுங் கொஞ்ச நேரம் நிப்போம்" என்றார்.