சக்தியைப் பெருக்கிய நிலையம்

வானொலி எட்டும் தூரம் விரிய வேண்டுமாயின் ஒலிபரப்பும் சக்தியைப் பெருக்குவதே வழி என்னும் எண்ணத்தை அதன் எல்லைவரை சென்று சோதித்தது, அமெரிக்காவில் சின்சினாட்டி நகரைச் சார்ந்த டபிள்யூ.எல்.டபிள்யூ. நிலையம். மலிவான வானொலிப் பெட்டிகளைச் செய்து விற்றுவந்த பவல் கிராஸ்லி என்பவர் அதன் அதிபர். 700 கிலோசைக்கிள் அதிர்வெண்ணில் 50 கிலோவாட்டாக இருந்த அதன் சக்தியை அவர் 1934 மே மாதத்தில் 500 கிலோவாட்டாக உயர்த்தினார்.

கோடைக்காலத்து மின்னல்கள் எழுப்பும் இரைச்சலை மீறி, தனிமையான பண்ணைவீட்டில் உள்ள சாதாரணப் பெட்டியிலும் குரல் தெளிவாகக் கேட்க வேண்டுமானால், அலை வலிமையோடு வந்து சேர்வது அவசியம். கேட்பவன் விலையுயர்ந்த கருவிக்குச் செலவிட வேண்டிய பணத்தை ஒலிபரப்புகிறவனே ஏற்றுக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை நியாயமானதென்றே நான் கருதுகிறேன்.

ஆனால் தூரத்தின் கணக்கு வேறு. சக்தி பத்து மடங்கானால் அலையின் வலிமை பத்தின் வர்க்கமூலமாகிய 3.16 மடங்குதான் உயரும். தரையை ஒட்டிச் செல்லும் அலையை மண் வழிநெடுக உறிஞ்சிக்கொள்வதால், தூரம் அந்த அளவுக்கும் பெருகுவதில்லை. இந்த நஷ்டமோ அதிர்வெண் உயர உயர மிகுதியாகும். அதே 1934-இல் இங்கிலாந்தின் டிராய்ட்விச் நிலையம் 200 கிலோசைக்கிளில், வெறும் 150 கிலோவாட் சக்தியோடு, அந்நாட்டின் பெரும்பகுதியை எட்டியதற்கு நெடிய அலையைத் தேர்ந்ததே முக்கிய காரணம்.

இரவில் நிலைமை இன்னும் சிக்கலாகிறது. வான்மண்டலத்தில் பட்டுத் திரும்பும் அலையும் தரையலையும் ஏறக்குறைய சமவலிமையோடு சந்திக்கும் வளையம் ஒன்று உண்டு. அங்கே ஒலி ஒரு கணம் ஓங்கி, மறுகணம் தேய்ந்து, பேச்சே உருக்குலைந்துவிடும். சக்தியைப் பெருக்கினால் அந்த வளையம் அப்பால் நகராதோ என்று தோன்றும். ஆயின் தராசின் இரு தட்டுகளிலும் எடையை ஒரே மடங்காகப் பெருக்கினால் முள் அசையாததுபோல, இரண்டு அலைகளும் ஒரே விகிதத்தில் வலுப்பதால் வளையம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை விலக்க வல்லது, செங்குத்தாக மேலெழும் அலையைக் குறைத்துத் தரையை நோக்கி அனுப்பும் உயர்ந்த கோபுரமே. டபிள்யூ.எல்.டபிள்யூ. நிலையத்தாரும் 831 அடிக் கோபுரம் ஒன்றை எழுப்பியிருந்தனர்.

பெருகிய சக்தி பிறரையும் வருத்தியது. அணைத்த விளக்குகள் அணையாமல் எரிந்தன என்றும், வேலிக் கம்பிகளிலும் கூரையின் தகரக் குழாய்களிலும் பாட்டும் பேச்சும் கேட்டன என்றும் கோபுரத்தின் அண்டைவாசிகள் கூறினர். 690 கிலோசைக்கிளில் இயங்கிய டொரான்டோ நிலையத்தின் ஒலிபரப்பு இரவில் குலையவே, கானடாவின் ஆட்சேபத்தால் அத்திசையில் மட்டும் அலையை அடக்க வேண்டியதாயிற்று. 50 கிலோவாட்டே உச்சவரம்பாக இருத்தல் வேண்டும் என்று 1938-இல் அமெரிக்க செனட் சபை அபிப்பிராயம் தெரிவித்தது. மறு ஆண்டு நிலையம் பழைய அளவுக்கே திரும்பியது.

வரம்பு விதித்தது சரியே. எனினும் பண்ணைவீட்டுக்காரரின் குறை அதனால் தீரவில்லை. தரையில் மிகத் தொலைவு செல்லவல்ல 550 முதல் 630 வரையுள்ள கிலோசைக்கிள்கள், சில கிலோவாட்டுக்கு மேல் அனுமதி பெறாத வட்டார நிலையங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்தன. பரந்த பிரதேசத்துக்குச் சேவை செய்ய வேண்டிய நிலையங்களோ 640-க்கு மேல் வைக்கப்பட்டிருந்தன. சக்தியைப் பற்றி அத்தனை வாதிட்டவர்கள் இந்தப் பங்கீட்டையல்லவா முதலில் மாற்றியிருக்க வேண்டும்?