திகிற்படமும் திறனாய்வும்

இங்கிலாந்தில் ஊடகவியல் பயின்ற மேல்வகுப்பு மாணவர்க்கு, ஓசிஆர் தேர்வுக் கழகத்தின் 2008ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் ஒரு பணி வகுத்திருந்தது. கதைப்படம் ஒன்றன் தொடக்கத்தை இரண்டு நிமிடத்திற்குள் எடுத்தளிக்க வேண்டும். பலரும் எடுத்தது திகிற்படமே.

அதற்குமுன் ஒரு சிறு பயிற்சி உண்டு. ஒருவர் கதவைத் திறந்து, அறையைக் கடந்து, மற்றொருவர் எதிரே அமர்ந்து, இரண்டொரு சொல் பேசவேண்டும். இவ்வளவே! ஆயினும், வெளியே பிடியைத் திருகும் கையும் உள்ளே திறக்கும் கதவும் ஒரே அசைவாகத் தோன்ற வேண்டும். இருவர்க்கும் இடையே ஒரு கோடு உண்டெனக் கொண்டு, படக்கருவி அதனைத் தாண்டாதிருத்தல் வேண்டும். தாண்டின், எதிரெதிர் இருப்போர் ஒரே பக்கம் நோக்குவதாகத் தோன்றும்.

இதனை எளிதென ஒதுக்கிக் கத்திக்கும் முகமூடிக்கும் சிவப்புச் சாயத்துக்கும் விரைவது மாணவர் இயல்பு. (சாயம் மலிவு, பொறுமையன்றோ அரிது!) மேசைக்கடியில் வெடிகுண்டு இருப்பதை அங்கிருந்து பேசுவோர் அறியார், படம் காண்போர் அறிவர். நெஞ்சு துடிப்பது அதனால்தான் என்று 1962இல் துருஃபோவிடம் விளக்கினார் ஹிட்ச்காக். கதவு திறப்பதைச் செவ்வனே காட்டத் தெரிந்தவனுக்கே அதனைத் திறவாது நிறுத்திவைக்கவும் தெரியும்.

மொத்தம் 100 மதிப்பெண்ணில் ஆய்வும் திட்டமும் 20, படம் 60, தம் படைப்பைத் தாமே மதிப்பிடுதல் 20. முதற்பயிற்சியிலிருந்து படம்வரை கற்றது யாது என்பதும் அம்மதிப்பீட்டில் ஒரு வினா. 'கருவியைக் கையாளக் கற்றோம், கூடி உழைத்தோம்' என்பது அதற்கு விடையாகாது. எக்காட்சியை ஏன் அந்நொடியில் வெட்டினோம், எதனை மறைத்தோம் என்று கூறுதலன்றோ திறனாய்வு? அதற்கு 20 குறைவென்பதே எம் கருத்து. படம் நன்றாயிருந்தும் எடுத்தவர்க்கே காரணம் தெரியாவிடின், 60 மதிப்பெண் எவர்க்குரியது?