கரட் பாத்தியில் மருந்தும் கையும்

கொச்சிக்கடையில் கரட் வாங்குபவர் திரண்ட கிழங்கைத்தான் பொறுக்கியெடுப்பார். நுவரெலியாப் பாத்தியில் கிழங்கு திரள்வதும் சூம்புவதும் பெரும்பாலும் முதல் ஆறு வாரக் களையெடுப்பைப் பொறுத்தது. கரட் விதை முளைக்க ஒன்று முதல் மூன்று வாரம் பிடிக்கும். முளைத்தபின்னும் அதன் மெல்லிய இலைகள் நிலத்தை மூடுவதில்லை. மரவள்ளியோ சில மாதங்களில் தழைத்து, தன் நிழலாலேயே களையை அடக்கிவிடும். கரட்டுக்கு அந்த வசதி இல்லை.

களைநாசினியையும் கையையும் சேர்த்துப் பயன்படுத்துவதன் பலம் இங்கே தெரிகிறது. பயிர் முளைக்குமுன் தெளிக்கும் மருந்து முதற்பந்திக் களைகளை அடக்கும். நாலைந்து வாரத்தில் கை இறங்கினால் தப்பியவை போகும்; நெருக்கமான கன்றுகளை ஐதாக்கும் வேலையும் கூடவே முடியும். தப்பிய களை விதை கட்டுமுன் பிடுங்கப்படுவதால், மருந்துக்கு மசியாத களை பெருகும் ஆபத்தும் குறையும்.

குறைகளும் சிறியவை அல்ல. ஈரமில்லாத மண்ணில் இத்தகைய மருந்து சரியாக வேலை செய்யாது. பெருமழையில் சரிவோடு கழுவுண்டு ஓடைக்குப் போகும். கோரையைக் கை பிடுங்கினாலும் அதன் கிழங்கு மண்ணுக்குள் தங்கிவிடும். பிந்திப் பிடுங்கினால் களையின் வேரோடு கரட்டும் கிளம்பும். மருந்து பட்ட மண்ணில் குந்தியிருந்து வெறுங்கையால் களை பிடுங்குவோர் பெரும்பாலும் பெண்கள். இலாபக் கணக்கில் அவர்களின் உடல்நலம் ஏறுவதில்லை.

களைநாசினி பற்றிய இலங்கை அரசின் கொள்கையும் நிலையாக இருக்கவில்லை. சிறுநீரக நோய் அச்சத்தால் 2015இல் கிளைபோசேட் என்ற களைநாசினி தடைசெய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்குக் கிடைத்தது. 2021 மே மாதம் எல்லா விவசாய இரசாயனங்களின் இறக்குமதியும் நிறுத்தப்பட்டது; அந்தத் தடை நவம்பரில் கைவிடப்பட்டது. 2022இல் கிளைபோசேட் தடையும் நீங்கியது. கிளைபோசேட் நிற்கும் கரட்டையும் கொன்றுவிடும் என்பதால், விதைக்குமுன் நிலம் தயார்செய்யவே அது உதவும். ஆகவே அது இருந்தாலும் இல்லாவிட்டாலும், முளைத்த பாத்திக்குக் கை தேவை.

ஆனால் நடைமுறையில், மருந்து தோற்ற பிறகே ஆளைக் கூப்பிடுகிறார்கள். அதை இணைப்பு என்பதைவிட இரட்டைச் செலவு என்பதே பொருந்தும். கையால் களையெடுக்க முதலிலேயே குறித்த நாள், அதுவரை தாக்குப்பிடிக்க ஒரே ஒரு தெளிப்பு, கையுறைக்கும் கூலிக்கும் முன்கூட்டியே ஒதுக்கிய பணம்: இவை இருந்தால் இந்த முறை நல்லது. பருவத்துக்குப் பருவம் தெளிப்பு குறையாவிட்டால், கை வெறும் ஒட்டுவேலையாகவே எஞ்சும்.