ஆள்வதும் ஆட்டிப்படைப்பதும்

ஒரே பொருள் தரும் சொற்களைத் தொகுத்து வைப்பது தமிழில் மிகப் பழைய வழக்கம். திவாகரம், பிங்கலந்தை, சூடாமணி என நிகண்டுகள் வரிசையாக வந்தன. இன்றும் பள்ளிப் பாடத்திலும் போட்டித் தேர்வு வழிகாட்டிகளிலும் ஒரு பொருள் தரும் பல சொற்களின் பட்டியல்கள் இடம்பெறுகின்றன. இவ்வழக்கத்தால் மொழி பெற்ற நன்மை பெரிது. ஆனால் வினைச்சொற்களில், அதுவும் அதிகாரத்தைச் சொல்லும் வினைகளில், பட்டியல் தடுக்கி விழுகிறது.

நன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். மண்டல புருடர் சூடாமணி நிகண்டை விருத்தத்தில் பாடினார். ஓசை நயத்தால் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது எளிதில் மனப்பாடமானது. தேவர், மக்கள், விலங்கு, மரம், இடம் என்று பொருள்வாரியாக 12 தொகுதிகளில் சொற்களை வகுத்த முறையும் நினைவுக்குத் துணைநின்றது. எதுகை மோனை தேடும் புலவருக்கு அது சொற்களஞ்சியம். வழக்கொழிந்த எத்தனையோ சொற்கள் நிகண்டுகளால்தான் நம் கைக்கு வந்து சேர்ந்தன. வீரமாமுனிவர் 1732இல் சதுரகராதியை அகர வரிசையில் அமைத்தபோதும் இந்த மரபின் செல்வத்தைத்தான் எடுத்துக்கொண்டார்.

பெயர்ச்சொற்களுக்கு இம்முறை பெரும்பாலும் பொருந்துகிறது. ஞாயிறு என்றாலும் கதிரவன் என்றாலும் வானில் இருப்பது ஒன்றுதான். வினை அப்படியல்ல. யார், யார்மேல், எந்த உரிமையில் செய்கிறார் என்பதையும் அது உடன் கொண்டுவருகிறது.

‘சோழர்கள் தஞ்சையை ஆண்டார்கள்’ என்பது வரலாறு. ‘ஆட்டிப்படைத்தார்கள்’ என்றால் அது குற்றச்சாட்டு. கடனும் நோயும் ஒருவரை ஆட்டிப்படைக்கும், ஆளமாட்டா. ‘ஆள்’ என்பதில் உரிமையும் பொறுப்பும் உண்டு. அதனால்தான் கருவியைக் கையாள்கிறோம், மேற்கோளை எடுத்தாள்கிறோம். ‘அதிகாரம் பண்ணாதே’ என்று வீட்டில் சொல்லும்போதோ, உனக்கு அந்த உரிமை இல்லை என்பதே பொருள்.

வேற்றுமை உருபும் இதையே காட்டுகிறது. நாட்டை ஆள்கிறோம், ஊழியர்மீது அதிகாரம் செலுத்துகிறோம், எளியவரிடம் அதிகாரத்தைக் காட்டுகிறோம். ‘ஐ’ வரும் இடத்தில் ‘இடம்’ வராது. மூன்றையும் ஒரே வரியில் காற்புள்ளியிட்டு அடுக்கும் பட்டியல் இதைச் சொல்வதில்லை. அதை நம்பும் மாணவர், கூறியது கூறலைத் தவிர்ப்பதாக எண்ணிச் சொல்லை மாற்றுகிறார்; கருத்தே மாறிவிடுகிறது.

தவறு தேர்வுத்தாளோடு நின்றால் பொறுத்துக்கொள்ளலாம். ‘போலீசார் லேசான பலப்பிரயோகம் செய்தனர்’ என்று செய்தி வருகிறது. ‘தடியால் அடித்தனர்’ என்பதற்கு அது நிகர்ச்சொல்போல நிற்கிறது. முதல் தொடரில் அடித்த கையும் இல்லை, அடிபட்ட உடம்பும் இல்லை. சொற்களை எடைபோடாமல் மாற்றிப் போடலாம் என்ற பழக்கம் அதிகாரத்துக்கு இப்படி மறைவிடம் தருகிறது.

சொற்களை எடைபோட்டுப் பிரிக்கும் நுட்பம் தமிழுக்குப் புதிதல்ல. ஈ, தா, கொடு என்ற மூன்றும் ஒன்றைக் கேட்பதற்கான சொற்களே. ஆனால் தாழ்ந்தவன் கேட்பது ‘ஈ’, ஒத்தவன் கேட்பது ‘தா’, உயர்ந்தவன் கேட்பது ‘கொடு’ என்று தொல்காப்பியச் சொல்லதிகாரம் பிரித்து வைத்தது. அந்த ஏற்றத்தாழ்வை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆனால் பேசுபவரின் நிலையைச் சொல்லுக்குள்ளேயே கண்ட அந்தக் கூர்மையை இழக்கக் கூடாது. பின்வந்த பட்டியல் மரபு சொற்களைச் சேர்த்தது. வேறுபாட்டைப் பதிவுசெய்யும் பணியைப் பெரும்பாலும் விட்டுவிட்டது.

1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி, பொருளோடு எடுத்துக்காட்டு வாக்கியங்களையும் தந்து நல்ல வழியைக் காட்டியது. பள்ளிப் பட்டியல்களும் அவ்வழியில் திருந்த வேண்டும். ஒவ்வொரு வினைக்கும் ஒரு வாக்கியம், அது ஏற்கும் உருபு, அதில் தொனிக்கும் மதிப்பு அல்லது கண்டனம் ஆகியவற்றைச் சேர்த்தால் போதும்; பட்டியல் நீளாவிட்டாலும் பரவாயில்லை. ஆள்பவரையும் அடக்குபவரையும் ஒரே சொல்லால் அழைக்காத தலைமுறை உருவாக, அந்தச் சிறு உழைப்பு அவசியம்.