எண்ணிமப் பொதுவளத்தில் பாடியவர் பெயர்: பட்டுக்கோட்டைப் பகுதி நடவுப் பாட்டை முன்வைத்து ஒரு சட்ட, பெண்ணிய நோக்கு

திறவுச்சொற்கள்: எண்ணிமப் பொதுவளம், திறந்த உரிமம், நாட்டுடைமை, நிகழ்த்துநர் உரிமை, நடவுப் பாட்டு

முன்னுரை

படைப்புகள் எல்லார்க்கும் பொதுவாதல் வேண்டும் என்னும் கருத்து தமிழில் இணையத்தோடு தோன்றியதன்று. பாரதியார் படைப்புகளின் உரிமையைச் சென்னை மாகாண அரசு 1949இல் பெற்றது; பின்னர் அவை மக்களுக்குப் பொதுவாயின. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அவ்வழியின் எண்ணிமத் தொடர்ச்சி எனலாம். ஆயின் நாட்டுடைமை என்பது எழுத்தில் பெயர் பதிந்த ஆசிரியரை முன்வைத்தே அமைந்தது. வாய்மொழியாகப் பாடிய பெண்ணுக்கு இப்பொதுவளத்தில் உரிய இடம் யாது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

பெயருள்ள பாட்டும் பெயரற்ற பாட்டும்

பட்டுக்கோட்டையை அடுத்த செங்கப்படுத்தான்காட்டில் 1930இல் பிறந்த கல்யாணசுந்தரம் 1959இல் மறைந்தார். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு ஆசிரியர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் உரிமை வழங்குகிறது. அதன்படி 2019 முடிய நீடித்திருக்கக்கூடிய உரிமை, நாட்டுடைமையால் முன்னரே பொதுவாயிற்று. அவர் பெயரோ ஊர்ப்பெயரோடு இணைந்து நிலைபெற்றது.

அதே மண்ணின் நடவுப் பாட்டு அவ்வாறு நிலைபெறவில்லை. ஒருத்தி அடியெடுக்க ஏனையோர் பின்பாடுவர். கூலியும் பண்ணையும் பிறந்தகமும் அன்றன்றைய நிலைக்கேற்ப அடிகளாகும். பல தொகுப்புகளில் இது 'மக்கள் பாடல்' என்றே வழங்குகிறது. அட்டையில் தொகுத்தவர் பெயர் நிற்க, பாடியவள் பின்னிணைப்பில் 'தகவலாளி' ஆகிறாள். சிலவற்றில் அதுவும் இல்லை.

சட்டம் தருவதும் உரிமம் மறைப்பதும்

சட்டம் இப்பெண்களை முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துநர் உரிமையைக் கொணர்ந்தது; பாடகரும் நிகழ்த்துநரே. 2012ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 38ஆ பிரிவு, நிகழ்த்தியவர் தம் பெயரால் அறியப்படும் உரிமையைத் தருகிறது. 39ஆம் பிரிவோ, கற்பித்தலுக்கும் ஆய்வுக்கும் மட்டுமே ஆன ஒலிப்பதிவை உரிமை மீறலன்று என விலக்குகிறது.

சிக்கல் இவ்விலக்கின் எல்லையில் எழுகிறது. ஆய்வுக்கெனப் பதிந்த பாட்டை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றும்போது, வணிகப் பயன்பாட்டுக்கும் இடந்தரும் உரிமத்தையே தேர்ந்தாக வேண்டும். அந்நிலையில் பதிவு ஆய்வுக்கு மட்டுமே உரியதாக இராது. மேலும், ஏற்றியவர் தம்மையே ஆக்கியோராகக் குறித்துவிடின், உரிமம் கோரும் பெயர்க்குறிப்பு அவரையே சேரும். பாடியவளின் பெயர் விடுபட்டதை எவரும் உணரார்.

அனுபம் சந்தரும் மாதவி சுந்தரும் 2004இல் எழுதிய கட்டுரையில், வளம் எல்லார்க்கும் திறந்திருப்பதனாலேயே எல்லாரும் அதனைச் சமமாகப் பயன்கொள்வதில்லை எனக் காட்டினர். நடவுப் பாட்டு இதற்குத் தக்க சான்று. கருவியும் எழுத்தறிவும் இணைய வாய்ப்பும் உடையவருக்குத் திறப்பு ஆக்கமாகிறது; கூலிப் பெண்ணுக்கோ தன் குரல் சென்ற இடமே தெரிவதில்லை.

இதற்குத் தீர்வு வேலியிடுதல் அன்று. கூட்டாகப் பிறந்த பாட்டைத் தனியுடைமை ஆக்குவது அதன் இயல்புக்கே மாறானது. மறுபுறம், எல்லார் பெயரையும் கட்டாயம் வெளியிடுவதும் பெண்ணிய நோக்கில் முறையன்று. பண்ணையாரைப் பழிக்கும் அடியைப் பாடியவள் அதே ஊரில் வேலைக்குச் செல்பவள். பெயர் அவளுக்குத் தீங்காகவும் கூடும். ஆகவே பெயரிடும் உரிமையோடு பெயர் மறுக்கும் உரிமையும் அவளிடமே இருத்தல் வேண்டும்.

முடிவுரை

எண்ணிமப் பொதுவளம் நாட்டுடைமையின் நற்பயனைப் பெருக்கியுள்ளது. அதன் குறையையும் உடன்கொண்டுள்ளது. களஆய்வாளர் பதிவின் தொடக்கத்திலேயே பாட்டு எங்கெங்குச் செல்லும் என்பதை விளக்கிப் பாடுவோரின் ஒப்புதலை அவர்தம் வாய்மொழியிலேயே பதிதல் வேண்டும். ஏற்றியவர், பதிந்தவர், அடியெடுத்தவர், பின்பாடியவர் ஆகியோரைத் தனித்தனியே குறித்தல் வேண்டும். ஒப்பாரி போன்ற துயர்ப் பாடல்களைத் திறந்த உரிமத்தில் வைக்குமுன் குடும்பத்தாரின் இசைவையும் பெறுதல் தகும். இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டுவதில்லை. பல்கலைக்கழகங்கள் தம் களஆய்வு நெறிமுறைகளில் சேர்த்தாலே போதும்.