இறுதியாண்டு பில்லிங் மென்பொருள்

கல்லூரி மாணவர்கள் இறுதியாண்டில் செய்யும் விற்பனைக் கணக்கு மென்பொருளின் வடிவம் பெரும்பாலும் ஒன்றுதான்: லாகின், சரக்கு, பில், அறிக்கை. முன்பு விஷுவல் பேசிக், பிறகு பிஎச்பி, மைஎஸ்க்யூஎல். ‘அட்மின்’ என்ற கடவுச்சொல் மட்டும் எந்தக் காலத்திலும் மாறுவதில்லை!

தென்பெண்ணைக் கரையிலுள்ள மணலூர்பேட்டை போன்ற ஊரின் உரக்கடைக்கு எழுதும்போதுதான் இந்த வேலையின் நயம் தெரியும். மூட்டையும் லிட்டரும் ஒரே பில்லில் வரும். ஜிஎஸ்டி உரத்துக்கு 5 சதவீதம், ரசாயனப் பூச்சிமருந்துக்கு 18. இரண்டும் மத்திய, மாநிலப் பங்காகச் சரிபாதி பிரிய வேண்டும். கடனோ அறுவடைவரை நிற்கும். இடையில் வரும் சில்லறை வரவு எந்தப் பில்லில் கழியும்? பழைய பாக்கியை முதலில் கழிக்கும்படி எழுதப்பட்ட நிரல், கணக்குப்பிள்ளையின் மூளையோடு எழுதப்பட்டது. விற்ற விலையைப் பில்லோடு சேர்த்தே சேமிப்பது இன்னொரு நல்ல அடையாளம். நாளை விலை ஏறினாலும் நேற்றைய பில் மாறாது.