‘கவனக்குறைவு’ என்று 61 தடவை: ஒரு பழைய கேட் நோட்டை மறுபடி படித்தல்

போன மாசம் சித்தி மகன் போன் பண்ணினான். "அண்ணே, உங்க கேட் நோட்டெல்லாம் இன்னும் வச்சிருக்கீங்களா?" என்றான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறான். இந்த வருஷம் எழுதப்போகிறானாம். வேலையை விட்டுவிட்டு ஆறு மாசம் முழுசாக உட்கார்ந்து படிக்கலாமா என்றும் ஒரு யோசனை. "நோட்டு இருக்குடா, மத்ததை அப்புறம் பேசுவோம்" என்று வைத்துவிட்டேன்.

பரணில் இருந்து எடுத்தேன். நான் 2021, 2022 இரண்டு வருஷமும் எழுதியவன். முதல் தடவை 91, இரண்டாம் தடவை 94 பெர்சன்டைல். எந்த ஐ.ஐ.எம்.மில் இருந்தும் அழைப்பு வரவில்லை. அந்த நோட்டில் மிச்சம் இருந்தது ‘தப்புக் கணக்கு’. அதாவது ஒவ்வொரு மாக் டெஸ்ட் முடிந்ததும் எந்தக் கேள்வி தப்பு, ஏன் தப்பு என்று எழுதி வைக்கும் பட்டியல். பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதைத்தான். நானும் விசுவாசமாகச் செய்திருக்கிறேன். கேள்வி, நான் போட்ட வழி, கடைசியில் சிவப்பு மையில் காரணம்.

தம்பிக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு தடவை படித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தயாரிப்பு என்ற பெயரில் நாம் நமக்கே எழுதிக்கொள்ளும் இந்தப் பட்டியலையும் ஒரு பிரதி மாதிரி விமர்சித்துப் பார்க்கலாம் என்று அப்போதுதான் தோன்றியது.

மொத்தம் 148 தப்புகள். எண்ணினேன். ‘கவனக்குறைவு’ 61. ‘நேரமில்லை’ 38. ‘ரெண்டு ஆப்ஷன்ல மாட்டிக்கிட்டேன்’ 27. ‘கான்செப்ட் தெரியல’ 22. பட்டியலை நம்பினால், எனக்குத் தெரியாத விஷயம் என்று ஏறக்குறைய எதுவுமே இல்லை. எல்லாம் தெரிந்தவன், கொஞ்சம் அவசரக்காரன், அவ்வளவுதான்.

அந்த 61 கேள்விகளையும் கடிகாரம் இல்லாமல் மறுபடி போட்டேன். 24 சரியாக வந்தது. 37 மறுபடியும் தப்பு, அல்லது பாதியில் நின்றுபோனது. இத்தனை வருஷத்தில் மறந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் அன்றைக்கு நான் போட்ட வழியும் பக்கத்திலேயே இருக்கிறதே. அதில் 14 கேள்விகளில் ஒரே பிழை. ஒரு விலை 25 சதவீதம் ஏறினால், பழைய இடத்துக்குத் திரும்ப 20 சதவீதம்தான் குறைய வேண்டும். 100 என்பது 125 ஆகிறது, 125-ல் 25 என்பது ஐந்தில் ஒரு பங்கு. எந்த எண்ணின் மேல் சதவீதம் என்பதுதான் விஷயம். இதை லாப நஷ்டமாகக் கேட்டபோது விட்டிருக்கிறேன். மக்கள்தொகையாகக் கேட்டபோது விட்டிருக்கிறேன். பாலும் தண்ணியும் கலந்த கலவையாகக் கேட்டபோதும் விட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சிவப்பு மையில் ‘கவனக்குறைவு’. பதினாலு தடவை ஒரே இடத்தில் கவனம் குறையுமா? எனக்கு அது புரியவே இல்லை என்பதுதான் உண்மை. ‘தெரியும், ஆனா விட்டுட்டேன்’ என்பதில் ஒரு சுகம் இருக்கிறது. அந்தச் சுகத்துக்காக ஒரு வருஷத்தை விலையாகக் கொடுத்திருக்கிறேன்.

அடுத்தது ‘நேரமில்லை’. இதில் பெரும்பாலும் ஆங்கில வாசிப்புப் பகுதிதான் வருகிறது. நான் பத்தாவது வரை தமிழ் வழியில் படித்தவன். அதனால் ‘நான் மெதுவா படிக்கிறேன், அதான் பிரச்சினை’ என்ற முடிவுக்குச் சீக்கிரமே வந்துவிட்டேன். வகுப்பிலும் வேக வாசிப்பு என்று தனியாக ஒன்று நடந்தது. விரலை வரிக்குக் கீழே ஓட்டச் சொன்னார்கள். ஓட்டினேன்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு போடுவோம். நான் எழுதிய காலத்தில் அந்தப் பகுதிக்கு 40 நிமிஷம், 24 கேள்வி. அதில் 16 கேள்வி நான்கு பத்திகளில் இருந்து. ஒரு பத்தி 500 சொல் என்று வைத்தால் மொத்தம் 2,000 சொல். நிமிஷத்துக்கு 200 சொல் படிப்பவருக்கு 10 நிமிஷம் ஆகும். மிச்சம் 30 நிமிஷம், கேள்விக்கு 75 விநாடி. என்னை மாதிரி 125 சொல் படிப்பவருக்கு 16 நிமிஷம். மிச்சம் 24 நிமிஷம், கேள்விக்கு ஒரு நிமிஷம். வித்தியாசம் 15 விநாடி. அது சின்னது இல்லை. ஆனால் அதுவே என்னைக் கவிழ்க்கவும் இல்லை. பத்தியைப் புரிந்துகொள்ளாமல் ஓடிவிட்டு, இரண்டு கேள்விக்கு ஒரு தடவை திரும்பிப் போய் ஒரு நிமிஷம் தேடினால், 16 கேள்விக்கு 8 நிமிஷம் போச்சு. வேகமாகப் படித்து மிச்சம் பிடிக்கக்கூடிய 6 நிமிஷத்தைவிட அது அதிகம். எனக்கு யாராவது ‘இன்னும் மெதுவாப் படி, ஆனா ஒரு தடவை மட்டும் படி’ என்று சொல்லியிருக்க வேண்டும். நோட்டில் அந்தக் கணக்கைப் போட எல்லா எண்களும் இருந்தன. நான் போடவில்லை.

‘ரெண்டு ஆப்ஷன்ல மாட்டிக்கிட்டேன்’ என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. ஏனென்றால் இந்தத் தேர்வு நிஜமாகவே எதைக் கேட்கிறது என்பது இங்கேதான் தெரிகிறது. ஒரு உதாரணத்தை நானே செய்து காட்டுகிறேன். ‘சிறு விவசாயிகள் புது விதைக்கு மாறத் தயங்குவது அறியாமையால் என்று பலர் கருதுகின்றனர். ஒரு போகம் பொய்த்தால் தாங்க முடியாதவருக்குத் தயக்கமும் ஒரு கணக்குதான்.’ கட்டுரையாளர் எதை ஒப்புக்கொள்வார் என்று கேள்வி. ஒரு விடை ‘விவசாயிகளுக்கு விழிப்புணர்வு தேவை’. இன்னொன்று ‘தயக்கத்துக்கு நியாயமான காரணம் இருக்கலாம்’. முதல் விடை காதுக்கு நல்லதாகக் கேட்கும். பத்தியிலும் அந்தக் கருத்து இருக்கிறது. ஆனால் அது கட்டுரையாளர் எடுத்துச் சொல்லி மறுக்கிற கருத்து. 27-ல் முக்கால்வாசி இந்த வகையிலேயே விழுந்திருக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால் இது தமிழ் படித்தவனுக்குப் புதுசே இல்லை. பிறர் சொன்னதை எடுத்துவைத்து, பிறகு அதை மறுத்துத் தன் கருத்தை நிறுவுவதுதான் நம் உரையாசிரியர்களின் வேலை. தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரையில் இளம்பூரணரை மறுக்கும் இடங்களைப் பார்த்தவருக்கு, எது யாருடைய குரல் என்று பிரித்துப் படிப்பது பழக்கமான விஷயம். எனக்கு அந்தப் பழக்கம் ஓரளவு இருந்தது. ஆங்கிலம் என்றதும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, ‘எப்பவும்’, ‘மட்டுமே’ மாதிரி கறாரான சொல் வரும் விடையை அடித்துவிடு என்ற சூத்திரத்தைப் பிடித்துக்கொண்டேன். அந்தச் சூத்திரம் பல சமயம் சரியாக வரும். பத்தியைப் படிக்காமலே வரும் என்பதுதான் அதில் கோளாறு.

தேர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லணும். ஜே.இ.இ. மெயின், நீட் இரண்டையும் தமிழில் எழுதலாம். கேட் ஆங்கிலத்தில் மட்டுமே. மேலாண்மைப் படிப்பே ஆங்கிலத்தில் நடக்கும்போது ஆங்கிலம் கேட்பது தப்பில்லை என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். ஆனால் அதை 40 நிமிஷத்துக்குள் அடைத்ததும் புரிதலோடு சேர்த்துப் பழக்கத்தையும் அளக்க ஆரம்பித்துவிடுகிறது. வீட்டில் ஆங்கிலப் பத்திரிகை வந்த பிள்ளைக்கும் எனக்கும் உள்ள தூரம் அந்த 15 விநாடியில் இருக்கிறது. பல ஐ.ஐ.எம்.கள் ஒவ்வொரு பகுதிக்கும் தனியாகக் குறைந்தபட்ச பெர்சன்டைல் வைப்பதால், கணக்கில் வாங்கி இதில் ஈடுகட்டவும் முடியாது.

பெர்சன்டைல் என்பதும் மார்க் இல்லை. 2024-ல் எழுதியவர்கள் சுமார் 2.93 லட்சம் பேர். 99 பெர்சன்டைல் வாங்கினால், உங்களுக்கு மேலே இன்னும் சுமார் 2,900 பேர். நடுவில் கூட்டம் நெருக்கமாக இருப்பதால் சில மார்க்கில் பல பெர்சன்டைல் தாண்டலாம். மேலே போகப் போக ஒரு பெர்சன்டைலுக்கே நிறைய மார்க் வேண்டும். மாக் டெஸ்டில் வருகிற பெர்சன்டைலோ, அந்த மாக்கை எழுத உட்கார்ந்தவர்களுக்குள் மட்டும் நம் இடம். நான் அதை வைத்து ஒரு ஞாயிறு சந்தோஷப்பட்டு அடுத்த ஞாயிறு அழுதிருக்கிறேன். ரெண்டுமே வீண்.

இன்னொரு உபதேசம்: ‘சந்தேகம்னா தொடாதே’. நாலு விடை உள்ள கேள்வியில் சரிக்கு 3, தப்புக்கு 1 கழிவு. கண்ணை மூடிக்கொண்டு குத்தினால், நாலு கேள்வியில் ஒன்று சரி, மூன்று தப்பு. 3 வரும், 3 போகும். சராசரியில் பூஜ்ஜியம். ஒரே ஒரு விடையை உறுதியாகக் கழிக்க முடிந்தால், மூன்று கேள்வியில் ஒன்று சரி, இரண்டு தப்பு, கையில் 1 மிச்சம். இரண்டைக் கழித்தால் இரண்டு கேள்விக்கு 2 மிச்சம். அப்படியானால் ஏற்கெனவே நேரம் செலவழித்து இரண்டு விடைக்குள் வந்துவிட்ட கேள்வியைக் காலியாக விடுவது எச்சரிக்கை இல்லை, நஷ்டம். விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்குக் கழிவே கிடையாது. 2022 தேர்வில் அவற்றில் மூன்றைக் காலியாக விட்டுவந்தேன் என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அதற்கும் காரணம் ‘கவனக்குறைவு’.

நோட்டில் ஒரு இடத்தில்கூட இல்லாத விஷயம் ஒன்று உண்டு. பல ஐ.ஐ.எம்.கள் அழைப்புக்கும் சேர்க்கைக்கும் பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டப்படிப்பு மார்க்குகளையும் கணக்கில் சேர்க்கின்றன. என் பன்னிரண்டாவது மார்க் சுமார்தான். அதை எந்த மாக் டெஸ்டாலும் திருத்த முடியாது. திருச்சியில் இருந்து புதுக்கோட்டை போகும்போதெல்லாம் பஸ் ஜன்னல் வழியாக அந்த ஐ.ஐ.எம். வளாகத்தைப் பார்த்து ‘இன்னும் நாலு மார்க் எடுத்திருந்தா’ என்று நினைத்திருக்கிறேன். அம்மா வளையலை அடகு வைத்துக் கட்டிய ஃபீஸை நினைத்துக் குறுகியிருக்கிறேன். எத்தனை மார்க் எடுத்திருந்தால் அழைப்பு வந்திருக்கும் என்று உட்கார்ந்து ஒரு நாளும் பார்த்ததில்லை.

போன வாரம் தம்பி நேரில் வந்தான். நோட்டைக் கொடுத்தேன். சிவப்பு மை இருந்த ஓரத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டேன். "காரணத்தை நீயே எழுது. ‘கவனக்குறைவு’ன்னு எழுதணும்னா, அதே கேள்வியை மறுநாள் கடிகாரம் இல்லாம போட்டுச் சரியா வந்தா மட்டும் எழுது" என்றேன்.

"அப்ப வேலையை?" என்று கேட்டான்.

வேலை அனுபவத்துக்கு மதிப்பெண் தரும் ஐ.ஐ.எம்.களும் உண்டு, முதலில் உன் மூணு மார்க் ஷீட்டையும் எடுத்து வைத்து எந்த ஊர் சாத்தியம் என்று பார் என்றேன். வேலையை விட்டால் கிடைப்பது நேரம். 148 தப்பில் ‘நேரமில்லை’ என்று நான் எழுதிய 38-லேயே பாதி நேரம் சம்பந்தப்பட்டது இல்லை என்பதையும் காட்டினேன். அவன் பதில் சொல்லவில்லை. நைட் ஷிஃப்டுக்கு நேரமாச்சு என்று நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

உங்களிடமும் இப்படிப் பழைய நோட்டு ஏதாவது இருந்தால், கேட் என்றில்லை, டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு எதுவானாலும், தூக்கிப்போடும் முன் காரணம் எழுதிய ஓரத்தை மட்டும் ஒரு தடவை எண்ணிப் பாருங்கள்.